அழைப்புக்குப் பதில்

இறைவன் பல வேளைகளில் மனிதர் வழியாகவே நம்மை அழைக்கிறார். சிறுவன் சாமுவேல் ஆண்டவரின் குரலைக் கேட்டு மூன்று முறை ஏலியிடம் ஓடினான். அழைப்பது யார் என்பதை உணர்த்தியவர் ஏலியே (1 சாமு 3).

நம் மாவட்டத்திலும் இது நிகழ்ந்தது. 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டபிள்ளை திருவிதாங்கூர் அரசுப் பணியாளர். துன்பங்களால் சோர்ந்திருந்த அவருக்கு, 1741 குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். அந்நியர் ஒருவரின் வாய்மொழியில் இறைவனின் குரலைக் கேட்டவர், 1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனார்.

அவரது பதில் அன்றோடு முடிந்துவிடவில்லை. சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார். 1749-இல் கைதாகி, மூன்று ஆண்டுகள் துன்புற்று, 1752 ஜனவரி 14-இல் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

அன்பார்ந்தவர்களே! கோட்டாறு பேராலயத்தில் அவரது கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். ஆனால் பேச்சு வார்த்தை இல்லாத உடன்பிறந்தோர் வீட்டு வாசலிலும், நாம் ஒதுக்கி வைத்த அயலாரிடமும் அதே இறைவன் அழைக்கிறாரே, கேட்கிறோமா? நம் திருமுழுக்குக்கு நாம் தரும் பதில் அங்கேதான் தெரியும்.