பாம்புகள் குறித்த பொதுவான ஐயங்களும் விளக்கங்களும்: கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில், லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை, 14,707 ஏக்கர் நிலம் முல்லைப் பெரியாற்று நீரால் இருபோக நெல் விளைவிக்கிறது. வயல்களை அடுத்துத் திராட்சைப் பந்தல்களும் வாழைத் தோட்டங்களும் தென்னந்தோப்புகளும் உள்ளன. நெல் உள்ள இடத்தில் எலி இருக்கும். எலியும் தவளையும் உள்ள இடத்தில் அவற்றை இரையாகக் கொள்ளும் பாம்பும் இருக்கும். ஆகவே, இப்பகுதி மக்கள் பாம்பைக் காண்பதும் அதைப் பற்றிப் பல கேள்விகள் எழுப்புவதும் இயல்பே.

இக்கேள்விகள் வெறும் ஆர்வத்தால் எழுபவை போலத் தோன்றலாம். ஆயினும், பாம்பைப் பற்றி ஒரு குடும்பம் நம்புவது எதுவோ, அதுவே கடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தில் அக்குடும்பம் செய்வதைத் தீர்மானிக்கிறது. 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், உயிரிழந்ததாக மதிப்பிடப்பட்டுள்ளது. இவர்களுள் பெரும்பாலோர் கிராமப்புற மக்கள். ஏறத்தாழ பாதி இறப்புகள் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில் நிகழ்ந்துள்ளன. கம்பம் பள்ளத்தாக்கில் முதல் போகத்திற்கு வழக்கமாக நீர் திறக்கப்படுவதும் ஜூன் மாதத்தில்தான்.

எல்லாப் பாம்புகளும் நஞ்சுள்ளவையா?

இல்லை. இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட பாம்பினங்கள் உள்ளன. அவற்றுள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே நஞ்சுள்ளவை. நாட்டில் பாம்புக்கடி இறப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கு இனங்களே காரணம்.

வயலில் அடிக்கடி காணப்படும் சாரைப்பாம்பு, நீர்நிலைகளில் வாழும் தண்ணீர்ப் பாம்பு, மண்ணுளிப் பாம்பு ஆகியவை நஞ்சற்றவை. மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலை இல்லை. அதன் வால் மழுங்கியிருப்பதால் தலைபோலத் தோன்றுகிறது. அது நக்கினால் தொழுநோய் வரும் என்பதும் உண்மையன்று. தொழுநோய் ஒருவகை பாக்டீரியாவால் வருவது. மருந்தால் முற்றிலும் குணமாவது.

எனினும், தோற்றத்தைக் கொண்டு இனத்தை உறுதிசெய்வது எளிதன்று. நஞ்சற்ற வெள்ளிக்கோல் வரையன் கட்டுவிரியனைப் போலவே இருக்கும். கண்ணாடி விரியனை மலைப்பாம்புக் குட்டி என்று எண்ணிக் கையில் எடுத்துக் கடிபட்டவர்கள் உண்டு. எனவே, எந்தப் பாம்பு கடித்தாலும் அதை நஞ்சுள்ள பாம்பின் கடியாகவே கருதி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பாம்புக்குக் காது கேட்குமா? மகுடி இசைக்கு ஆடுமா?

பாம்புக்கு வெளிக்காதும் செவிப்பறையும் இல்லை, உட்காது உண்டு. தரையின் அதிர்வு கீழ்த்தாடை எலும்பின் வழியாக உட்காதை அடைகிறது. காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளையும் அதனால் ஓரளவு உணர முடியும். மகுடி ஊதும்போது நல்ல பாம்பு அசைவது இசையை இரசித்து அன்று. தன்முன் அசையும் மகுடியையும் கையையும் கண்டு, தற்காப்புக்காகப் படமெடுத்து அவற்றைத் தொடர்ந்து நோக்குகிறது.

பிளவுபட்ட நாக்கை அடிக்கடி நீட்டுவதும் கடிப்பதற்காக அன்று. நாக்கு காற்றிலுள்ள மணத்துகள்களைச் சேகரித்து, மேல்வாயில் உள்ள நுகர்வுறுப்பிடம் சேர்க்கிறது. நஞ்சு நாக்கில் இல்லை; மேல்தாடைப் பற்களின் வழியே செலுத்தப்படுகிறது.

வரப்பில் நடக்கும்போது கால்களை அழுத்தி வைத்தும் கோலால் தட்டியும் செல்வது பயன்தரும். அதிர்வை உணர்ந்து பல பாம்புகள் விலகிவிடும். ஆனால் கண்ணாடி விரியன் பெரும்பாலும் விலகாது. சுருண்டு படுத்த இடத்திலேயே உரக்கச் சீறும். எனவே, இரவில் கோலுடன் கைவிளக்கும் கட்டாயம் வேண்டும்.

பாம்பு பால் குடிக்குமா?

பால் பாம்பின் உணவன்று. பாம்பு ஊனுண்ணி, எலி, தவளை, ஓணான், பறவை, பிற பாம்பு ஆகியவற்றை விழுங்கி வாழ்வது. நீரின்றி நெடுநேரம் வைக்கப்பட்ட பாம்பு, கிடைக்கும் எந்த நீர்மத்தையும் குடிக்கக்கூடும். பாலை அதனால் சரிவரச் செரிக்க இயலாது. புற்றைக் கட்டுவதும் பாம்பன்று, கறையான். குளிர்ச்சிக்காகவும் பாதுகாப்புக்காகவும் பாம்பு அதனுள் தங்குகிறது. புற்றுக்கு வழிபாடு செய்வோர் அதன் துளைகளில் கையை விடுவதையும் குழந்தைகளை அருகில் விளையாட விடுவதையும் தவிர்க்க வேண்டும்.

சாரைப்பாம்பு நல்ல பாம்பின் ஆணா?

இல்லை. இரண்டும் வெவ்வேறு இனங்கள். ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் உண்டு. இரண்டு பாம்புகள் பின்னிப் பிணைந்து எழுவதைக் கண்டு சாரையும் நல்ல பாம்பும் கூடுவதாகக் கூறுவர். பெரும்பாலும் அவை வலிமையைச் சோதித்துப் போரிடும் இரண்டு ஆண் சாரைகளே. அவற்றின்மீது துணியை வீசுவதும் நெருங்கிச் சென்று படம் எடுப்பதும் தேவையற்ற செயல்கள். சாரை வயல் எலிகளைப் பெருமளவில் உண்பதால் உழவர்க்கு நன்மை செய்வது, கொல்லத் தக்கதன்று.

பாம்பு பழிவாங்குமா?

பழிவாங்கும் எண்ணம் பாம்புக்கு இல்லை. மனிதனை நினைவில் வைத்துத் தேடிவரும் ஆற்றலும் அதற்கு இல்லை. கொம்பேறி மூக்கன் ஒருவரைக் கடித்தபின் சுடுகாட்டு மரத்தில் ஏறி, உடல் எரியும் புகையைப் பார்த்த பிறகே இறங்கும் என்பது பரவலான நம்பிக்கை. உண்மையில் கொம்பேறி மூக்கன் மரத்தில் வாழும் நஞ்சற்ற பாம்பு. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும் இத்தகையதே. அதன் நஞ்சு மனிதருக்கு மிகக் குறைந்த தீங்கே விளைவிக்கும்.

மிதிபடும்போதும் பிடிக்க அல்லது அடிக்க முற்படும்போதும் தற்காப்புக்காகவே பாம்பு கடிக்கிறது. ஒரே இடத்தில் மீண்டும் பாம்பு வருமானால் அதற்குக் காரணம் பழியன்று. அங்குள்ள எலியும் விறகுக் குவியலும் சுவர்ப் பொந்துமே.

இரண்டு பல் தடம் இல்லையெனில் நஞ்சில்லை என்று கொள்ளலாமா?

கொள்ளக்கூடாது. பல் தடம் ஒன்றாகவும் கீறலாகவும் கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கலாம். கட்டுவிரியனின் பற்கள் சிறியவை. கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. தரையில் உறங்கும்போது கடிபட்டவர், விடியற்காலையில் வயிற்றுவலியுடன் எழுந்து, அதை அசீரணம் என எண்ணிக் காலம் தாழ்த்துவது உண்டு. தரையில் உறங்கியவருக்குக் காலையில் காரணமின்றிக் கடும் வயிற்றுவலி, இமை தொங்குதல், பார்வை இரட்டையாகத் தெரிதல், விழுங்க இயலாமை ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வேப்பிலையையோ மிளகையோ மெல்லக் கொடுத்து, கசப்பும் காரமும் தெரிகின்றனவா என்று பார்ப்பது நஞ்சைக் கண்டறியும் சோதனை அன்று. சுவை தெரிகிறது என்பதால் ஆபத்து இல்லை என்று ஆகாது.

மந்திரம், பச்சிலை, விஷக்கல் ஆகியவற்றால் பலர் பிழைத்தது எவ்வாறு?

கடிப்பவற்றுள் பல நஞ்சற்ற பாம்புகள். நஞ்சுள்ள பாம்பும் சில வேளைகளில் நஞ்சைச் செலுத்தாமல் கடிப்பதுண்டு. இவ்வாறு கடிபட்டவர்கள் எந்தச் சிகிச்சையும் இன்றியே பிழைத்திருப்பர். அந்தப் பெயர் மந்திரத்துக்கும் பச்சிலைக்கும் கல்லுக்கும் சென்றுவிடுகிறது. நஞ்சு உடலில் ஏறியவருக்கு இவற்றால் பயனில்லை. இழந்த நேரம் உயிரிழப்பில் முடியலாம்.

கடிபட்டவுடன் செய்ய வேண்டியவை எவை?

- பாம்பிடமிருந்து விலகிச் செல்லவும். கடிபட்டவரைப் படுக்க அல்லது அமரவைத்து, அச்சம் தணியுமாறு பேசவும்.
- மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, காலணி ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றவும்.
- எலும்பு முறிவுக்குச் செய்வதுபோல, கடிபட்ட கை அல்லது காலை அசையாதவாறு ஒரு மட்டையுடன் தளர்வாகக் கட்டவும்.
- கடிபட்டவர் நடக்கவோ ஓடவோ வாகனம் ஓட்டவோ கூடாது. தூக்கிச் செல்லவும்.
- வாந்தி அல்லது மயக்கம் இருந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைக்கவும்.
- 108-ஐ அழைக்கவும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளவும்.

செய்யக்கூடாதவை: கயிறு அல்லது துணியால் இறுக்கிக் கட்டுதல், கத்தியால் கீறுதல், வாயால் உறிஞ்சுதல், பனிக்கட்டி வைத்தல், மது கொடுத்தல். இறுக்கமான கட்டு இரத்த ஓட்டத்தைத் தடுத்து, கை கால்களை இழக்கும் நிலைக்கும் கொண்டுசெல்லலாம். ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தால் வழியில் திடீரென அவிழ்க்க வேண்டாம். மருத்துவர் முன்னிலையில் அவிழ்ப்பதே பாதுகாப்பு.

கடித்த பாம்பைப் பிடித்துச் செல்ல வேண்டுமா?

வேண்டியதில்லை. தேடிப் பிடிப்பதால் நேரம் வீணாகும்; மேலும் ஒருவர் கடிபடவும் கூடும். அடிபட்டு இறந்ததாகத் தோன்றும் பாம்பும் கடிக்கலாம். மருத்துவர் அறிகுறிகளைக் கொண்டே சிகிச்சையை முடிவு செய்வார். மேலும், இந்தியாவில் வழங்கப்படும் நஞ்சுமுறி மருந்து முற்கூறிய நான்கு இனங்களின் நஞ்சுக்கும் ஒருசேரப் பயன்படும் ஒரே மருந்து.

பாம்பின் நஞ்சைச் சிறுசிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து இம்மருந்து தயாரிக்கப்படுகிறது. செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் 1978 முதல் செயல்படும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இதற்கான நஞ்சைச் சேகரித்து வழங்கி வருகிறது.

மருத்துவமனையில் உடனே ஊசி போடாதது ஏன்?

இது உறவினர்கள் பெரிதும் கவலையுறும் கேள்வி. நஞ்சுமுறி மருந்து சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கக்கூடும். ஆகவே, நஞ்சு ஏறியதற்கான அறிகுறி தெரிந்தால் மட்டுமே அது செலுத்தப்படுகிறது. விரியன் நஞ்சு இரத்தம் உறைவதைத் தடுக்கும். இதை அறிய, சிறிது இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடங்கள் அசையாமல் வைத்து, உறைகிறதா எனப் பார்ப்பர். தேவைக்கேற்ப இச்சோதனையை மீண்டும் செய்வர். அறிகுறி இல்லாதவரும் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். “ஊசி போடவில்லை” என்று இடையில் வீட்டுக்கு அழைத்துச் செல்வது ஆபத்தானது.

குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தின் அளவு ஒன்றே. கடித்த பாம்பு செலுத்தும் நஞ்சு, கடிபட்டவரின் உடல் எடைக்கு ஏற்பக் குறைவதில்லை என்பதே காரணம். கர்ப்பிணிகளுக்கும் தேவையெனில் இம்மருந்து அளிக்கப்படும்.

ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோர் அறிய வேண்டியது என்ன?

கம்பம் மெட்டு, போடி மெட்டு, குமுளி வழியாக ஏலத்தோட்ட வேலைக்குச் செல்வோர் மலைப்பகுதிக்கே உரிய குழிவிரியன்களை எதிர்கொள்ளலாம். அவற்றுள் ஒன்று, மூக்கு நுனி மேல்நோக்கி எழும்பிய, காய்ந்த சருகின் நிறமுடைய சிறிய பாம்பு. அதன் கடி சிலருக்குச் சிறுநீரகப் பாதிப்பையும் இரத்தம் உறையாமையையும் உண்டாக்கும். இப்போதுள்ள நஞ்சுமுறி மருந்து அதன் நஞ்சை முறிப்பதில்லை. எனினும், இரத்தச் சோதனையும் தேவையெனில் இரத்தச் சுத்திகரிப்பும் உயிரைக் காக்கும். தோட்டத்தில் கடிபட்டதை மருத்துவரிடம் தவறாமல் கூறவும். எல்லைக்கு அப்பால் கேரளத்தில் உள்ள மருத்துவமனை அருகில் இருந்தால் முதலில் அங்கேயே செல்லவும். ஊர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம்.

கடி நேராமல் தடுப்பது எவ்வாறு?

- வயலிலும் தோட்டத்திலும் முழங்கால் வரை மூடும் காலணி அணியவும். சருகு, கற்குவியல், மட்டைக் குவியல் ஆகியவற்றைக் கோலால் கிளறிய பின்னரே கையால் தொடவும்.
- நீர் பாய்ச்ச இரவில் செல்வோர் கைவிளக்கு எடுத்துச் செல்லவும்.
- கூடியவரை கட்டிலில் உறங்கவும். தரையில் உறங்குவோர் கொசுவலையின் ஓரங்களைப் பாயின் அடியில் செருகிக்கொள்ளவும்.
- வீட்டையொட்டி விறகு, வைக்கோல், குப்பை சேரவிடாமல் எலிப் பொந்துகளை அடைக்கவும்.
- வீட்டினுள் பாம்பு நுழைந்தால் அடிக்க முற்படாமல் தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறைக்கோ வனத்துறைக்கோ தெரிவிக்கவும்.

சிகிச்சையும் அரசின் நடவடிக்கையும்

அரசு மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்கான சிகிச்சை கட்டணமின்றி அளிக்கப்படுகிறது. கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடிநாயக்கனூர், பெரியகுளம் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவமனைகளும், க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. மூச்சுத்திணறலோ சிறுநீர்க் குறைவோ ஏற்படின், மேல்சிகிச்சைக்கு அனுப்பப்படும்போது தாமதமின்றிச் செல்ல வேண்டும்.

பாம்புக்கடி இறப்புகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்கும் நோக்குடன் ஒன்றிய அரசு 2024 மார்ச்சில் தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில், 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தின்கீழ், பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. இதன்படி, அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் ஒவ்வொரு கடியையும் பதிவுசெய்து தெரிவிக்க வேண்டும். எந்த ஊரில், எந்த மாதத்தில் கடிகள் மிகுகின்றன என்பது தெரிந்தால்தான் மருந்தை அங்கு முன்கூட்டியே இருப்பில் வைக்க இயலும். மருத்துவமனைக்கு வராத கடி இக்கணக்கில் சேர்வதில்லை.

அவசர ஊர்திக்கு: 108. மருத்துவ ஆலோசனைக்கு: 104.