கொடைக்கானலில் மாண்டிசோரி

1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளர் பிள்ளைகளுக்கென முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரி, 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் பிரித்தானிய அரசு அவருடைய மகன் மாரியோவை முகாமில் அடைத்து, அவரையும் சபை வளாகத்துக்குள் இருத்தியது. அவரது 70ஆம் பிறந்தநாளை ஒட்டி மகன் விடுவிக்கப்பட்டார்.

1942 முதல் ஏறத்தாழ ஈராண்டுகள் அவர் கொடைக்கானலில் வாழ நேர்ந்ததே மாண்டிசோரிக் கல்விமுறையின் இந்திய வரலாற்றில் மிக வளமான பகுதி எனலாம். சமவெளியின் வெயிலுக்கு அஞ்சிய வெள்ளையரும் செல்வரும் ஒதுங்கும் கோடைவாசத்தலமாக விளங்கிய அம்மலையூரில், பல வயதுப் பிள்ளைகள் ஒருங்கே பயின்ற சிறு பள்ளியொன்றை அவர் நடத்தினார். செடிகொடிகளையும் சிற்றுயிர்களையும் நேரில் கண்டும் சேகரித்தும் வகைப்படுத்தியும் அவர்கள் கற்ற சூழலில்தான், உலகின் பொருள்களும் உயிர்களும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை மையமாகக் கொண்டு, ஆறு முதல் பன்னிரண்டு வயதினருக்கென வகுக்கப்பட்ட ‘பிரபஞ்சக் கல்வி’ முதிர்ந்தது. அக்கல்வியை விளக்கும் அவரது நூல் 1948இல் அடையாறு கலாக்ஷேத்ராவின் வெளியீடாகவே வந்தது.