கங்காரு தாய்–சேய் பராமரிப்பு

குறைமாதத்திலோ 2,500 கிராமுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தையைத் தாயின் மார்பில், தோலோடு தோல் படும்படி நெடுநேரம் அணைத்து வைத்து, தாய்ப்பால் கொடுத்து வளர்க்கும் செவிலிய முறை.

1880களில் பாரிஸில் மகப்பேறு மருத்துவர் ஸ்டெஃபான் தார்னியே, இத்தகைய குழந்தைகளைக் கதகதப்பாக வைக்கும் பெட்டியான இன்குபேட்டரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அவருக்குப் பின்வந்த மருத்துவர் பியேர் புதேன், தாயைப் பக்கத்திலேயே வைத்துப் பாலூட்டச் சொன்னவர். ஆனால் நோய்த்தொற்றுக்கு அஞ்சிய பிற்கால மருத்துவமனைகள் பெற்றவளைக் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நிறுத்திவிட்டன. இது பெருந்தவறு. 1972இல் அமெரிக்காவில் குழந்தை மருத்துவர்கள் மார்ஷல் கிளாஸ், ஜான் கென்னல் ஆகியோர் 28 தாய்மாரிடம் செய்த ஆய்வுக்குப் பின்னரே இந்த வழக்கம் ஆட்டம் கண்டது. குழந்தை பிறந்த பின் வரும் முதல் சில மணி நேரமே பாசப் பிணைப்பைத் தீர்மானிக்கிறது என்ற அவர்களது கருத்தைப் பின்வந்தோர் ஏற்கவில்லை. ஆனாலும் வார்டுக் கதவு திறந்தது.

உண்மையான திருப்பம் கொலம்பியாவில் நேர்ந்தது. போகோட்டாவின் தாய்–சேய் மருத்துவமனையில் இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒன்றிலேயே பல குழந்தைகளைக் கிடத்தியதால் தொற்று பரவியது. பிரிந்திருந்த தாய்மார் சிலர் குழந்தையைக் கைவிட்டும் போனார்கள். 1978இல் மருத்துவர் எட்கர் ரேய் சனாப்ரியா குழந்தைகளைத் தாயின் மார்பிலேயே வைக்கச் செய்தார். அடுத்த ஆண்டு ஹெக்டர் மார்ட்டினெஸ் உடன் சேர்ந்தார். ஏழை நாட்டுக்கான மாற்று ஏற்பாடு என்றே பலர் இதை ஒதுக்கினார்கள். மருத்துவர் நதாலி சார்பாக் 1990களில் நடத்திய ஒப்பீட்டு ஆய்வுகள் அந்த எண்ணத்தைத் தளர்த்தின.

செய்முறையில் செவிலியரின் கைப்பக்குவமே முக்கியம். தொப்பியும் காலுறையும் அணையாடையும் மட்டும் போட்ட குழந்தையை இரு மார்புகளுக்கிடையே நிமிர்த்தி, கால்களைத் தவளைபோல் மடக்கி வைக்கிறார். தலையை ஒரு பக்கம் திருப்பி, மோவாய் நெஞ்சில் அழுந்தாமல் சற்றே உயர்த்துகிறார். அழுந்தினால் மூச்சுத் திணறும். பிறகு துணியால் கட்டுகிறார். உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைக்குப் பீய்ச்சிய பாலைப் பாலாடையால் புகட்டக் கற்றுத் தருகிறார். தாய்க்கு முடியாதபோது அப்பாவோ பாட்டியோ அணைத்துக்கொள்ளலாம்.

பிறந்ததுமே அணைக்கத் தொடங்கினால் பலன் கூடுமா என்று பார்த்த, 2021இல் வெளியான ஆய்வு இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளில் நடந்தது; டெல்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையும் அதில் உண்டு. 1,000 முதல் 1,799 கிராம் வரை எடையுள்ள 3,211 குழந்தைகளில், உடல்நிலை சீரான பிறகே அணைக்கப்பட்டவர்களில் 28 நாளுக்குள் இறந்தோர் 15.7 சதவீதம், பிறந்ததுமே அணைக்கப்பட்டவர்களில் 12 சதவீதம். நன்மை தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 2022இல் உலக சுகாதார நிறுவனம், பிறந்தவுடன் தொடங்கி நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் இவ்வாறு அணைத்திருக்கப் பரிந்துரைத்தது. இதற்குத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் ஒரு கட்டில் வேண்டும். புதிய பிரிவுகளைத் திட்டமிடுவோர் முதலில் அதற்கு இடம் ஒதுக்க வேண்டும்.