யூபாலின் பிள்ளைகள்



ஆதியாகமம் 4:21-இல் யூபால் என்பவனைக் குறித்து வாசிக்கிறோம். காயீனுடைய சந்ததியில் பிறந்த அவன், இசைக்கருவி வாசிப்போர் அனைவருக்கும் மூதாதையாகக் காட்டப்படுகிறான். எபிரெய மூலத்தில் அங்கே கின்னோர், ஊகாப் என்னும் இரு கருவிகள் சொல்லப்பட்டுள்ளன. முன்னது நரம்புக்கருவி, பின்னது குழல் இனத்தது என்பர்.

இப்பெயர்கள் மொழிதோறும் வேறு உருக்கொண்டன. 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமம் ஹார்ப், ஆர்கன் என்றது. ஜெர்மன் மொழியில் லூத்தர், பிடில்காரர், குழல்காரர் என்று வாசிப்போரையே குறித்தார். நம் தமிழ் வேதாகமமோ கின்னரக்காரர், நாகசுரக்காரர் என்கிறது. மொழிபெயர்த்தோர் தத்தம் ஜனங்கள் அறிந்த கருவியையே அவர்கள்முன் வைத்தனர். அதே கின்னோர் 1 சாமுவேல் 16-இல் தாவீதின் கையில் சுரமண்டலமாகிறது. 137-ஆம் சங்கீதத்தில் மீண்டும் கின்னரமாகிறது. இக்கால எபிரெயத்தில் அச்சொல் வயலினைக் குறிக்கிறது.

இப்பொழுது மிரியாமின் கையைக் கவனியுங்கள். யாத்திராகமம் 15:20-இல் தம்புரு என்று வாசிக்கையில், தம்புராவின் நரம்புகளே நம் நினைவுக்கு வரும். மூலச்சொல்லோ தோப், வளையத்தில் தோல் போர்த்துக் கையால் அடிக்கும் மேளம் அது. செங்கடலைக் கடந்த ஸ்திரீகள் தோற்கருவி முழக்கியே கர்த்தரைத் துதித்தனர். மரச்சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டிய நம் பறையும் அவ்வினத்ததே.

ஆயினும் பறைக்கும் அதை முழக்கினோருக்கும் நம் தேசத்தில் நேர்ந்ததென்ன? பறை என்னும் சொல்லோடு தொடர்புடைய பறையர் என்னும் பெயர், ஐரோப்பியர் வழியாய் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் புகுந்து, சமுதாயத்தால் தள்ளப்பட்டவன் என்று பொருள்பட்டது. ஒரு ஜனத்தின் பெயரே அயல்மொழிகளில் இழிசொல்லாயிற்று. சாவுமேளம் என்று சொல்லி அக்கருவியை ஆலயவாசலுக்கு வெளியே நிறுத்துவோர் இன்றும் உண்டு.

வேதம் அப்படிச் செய்யவில்லை. காயீனின் வம்சத்தான் என்றறிந்தும் யூபாலின் பெயரை அது மறைக்கவில்லை. அவ்வம்சத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்ட கின்னோரையே தாவீது சவுலுக்கு முன்பாக வாசித்தான். கர்த்தரும் அதன் பிறப்பை விசாரித்துத் தள்ளவில்லை.

ஆகையால், அன்பானவர்களே, ஆராதனையில் ஒரு கருவி தகுமா தகாதா என்று பேச எழும்புமுன், நாம் தள்ளுவது கருவியையா, அதைப் பிடித்திருக்கும் சகோதரனையா என்று நம்மை நாமே சோதித்தறிவோமாக. கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.