பாய்ஸ் கம்பெனியும் ஜப்பான் ஜானிஸும்

வேளாங்கண்ணியில உட்கார்ந்துக்கிட்டு ஜப்பான் ஷோ பிசினஸ் பத்தி எழுத என்ன இருக்குன்னு கேக்காதீங்க. சம்பந்தம் கும்பகோணத்துல இருக்கு. அப்பா இறந்து குடும்பம் வறுமையில் தவிச்சப்ப, எம்ஜிஆரும் அண்ணன் சக்ரபாணியும் அங்கேயிருந்துதான் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குப் போனாங்க.

சாப்பாடு, படுக்கை, பாட்டு, அடி எல்லாம் கம்பெனியிலதான். பொம்பளை வேஷமும் பையன்களுக்கே. மகரக்கட்டு உடைஞ்சா ஸ்திரீபார்ட் போச்சு. நாம பெருமையா பேசற அந்தப் பயிற்சிக்குள்ள ஒரு பையன் அழுதா கேக்க யார் இருந்தாங்க?

ஜப்பான்ல கபுகி மேடையிலிருந்து பெண்களை 1629-லயும், பையன்களை 1652-லயும் விலக்கினாங்க. மேடைக்குப் பின்னாடி நடந்த விலைபேசல்தான் காரணம். ஆனா 1962-ல் ஆரம்பிச்ச ஜானிஸ் நிறுவனமும் பையன்களைச் சேர்த்துத்தான் வளர்ந்துச்சு. நிறுவனர் ஜானி கிடகாவா அவங்களைப் பாலியல் கொடுமை செஞ்சது உண்மைன்னு 2003-லயே டோக்கியோ உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு. டிவிக்காரங்க வாயே திறக்கலை. அந்தப் பையன்கள் இல்லாம நிகழ்ச்சி ஓடாதே! 2019-ல் அவர் செத்தும் போனார். 2023-ல் பிபிசி படம் வந்த பிறகுதான் கம்பெனி ஒத்துக்கிச்சு.

நம்ம பக்கம் அவ்வை டி.கே.சண்முகம் மாதிரி ஜெயிச்சவங்க எழுதி வச்சிருக்காங்க. குரல் உடைஞ்சு ஊர் திரும்பின தாத்தா யாராவது உங்க வீட்டுல கதை சொல்லியிருந்தா, ஒரு பதிவா போடுங்களேன்.