விடை கண்ணின்ர கரையில இருந்தது

அலோயிஸ் குளோகர் ஒரு கூலித் தொழிலாளி. சுண்ணாம்பு பட்டு இரண்டு கண்ணும் பழுதாகிவிட்டது. 1905 டிசம்பரில், இன்றைய செக் குடியரசின் ஒலோமோட்ஸ் நகரில், எடுவர்ட் சிர்ம் என்ற கண் வைத்தியர் அவருக்கு இன்னொருவரின் விழிவெண்படலத்தைப் பொருத்தினார். ஒரு கண் சரிவரவில்லை. மற்றது தெளிவாகவே இருந்தது. மனிதருக்கு மனிதரின் விழிவெண்படலத்தை மாற்றி நிலைத்த முதல் சத்திரசிகிச்சை அதுதான்.

இந்தக் கதையில எங்கட நாட்டுக்கும் பங்கிருக்கு. 1961 இல் ஹட்சன் சில்வா தொடங்கிய இலங்கை கண்தானச் சங்கம், 1964 இல் இருந்து வெளிநாடுகளுக்கும் கண்களை அனுப்பியது.

ஆனா ஒரு சிக்கல் தீரவே இல்லை. அமிலமோ காரமோ பட்டு எரிந்த கண்கள் பலவற்றில், நல்ல படலத்தை வைத்துத் தைத்தாலும் அது திரும்ப மங்கிப்போனது. வெள்ளைவிழியை மூடியிருக்கிற சவ்வு, இரத்தக் குழாய்களோடு ஊர்ந்து வந்து மூடிவிடும். ஏன் இப்படி?

விழிவெண்படலத்தின் மேற்பரப்புக் கலங்கள் ஒவ்வொரு நாளும் உதிரும், புதியவை வரும். எங்கிருந்து வருகின்றன? 1971 இல் நோர்வேயைச் சேர்ந்த டவாங்கர், எவென்சன் இருவரும் ஒரு விடை சொன்னார்கள்: கறுவிழியும் வெள்ளைவிழியும் சந்திக்கிற கரையிலிருந்து. அந்த ஒடுங்கிய வளையத்துக்குப் பெயர் லிம்பஸ். ஸ்டெம் கலங்கள் அங்கதான் இருக்கு எண்டதை 1980களின் ஆய்வுகள் உறுதிப்படுத்தின. கரை எரிஞ்சு போனா, நடுவில எத்தனை தரம் படலம் மாத்தினாலும் அதை மூடிக் காக்கப் புதுக் கலம் வராது.

அப்ப கரையைத்தானே திருத்த வேணும்? 1989 இல் அமெரிக்காவில் கென்யன், செங் இருவரும் நோயாளியின் நல்ல கண்ணிலிருந்தே லிம்பஸ் துண்டுகளை எடுத்து ஒட்டினார்கள். பலன் கிடைத்தது. ஆனா இருக்கிற ஒரே நல்ல கண்ணில கனக்க வெட்டுறது பயம்தானே. 1997 இல் இத்தாலியின் கிரேசியெல்லா பெலெக்ரினி, மிக்கேலே டி லூகா குழு, 1–2 சதுர மில்லிமீற்றர் துணுக்கை ஆய்வுகூடத்தில் வளர்த்து இரண்டு பேருக்குப் பொருத்தியது. அந்த வழியில் உருவான ஹோலோகிளார், 2015 இல் ஐரோப்பா அனுமதித்த முதல் ஸ்டெம் கல மருந்தானது.

அதுக்குத் தனி ஆய்வுகூடம் வேணும், காசும் கனக்க வேணும். சுண்ணாம்பு பட்டு வாற ஏழைக்கு அது எட்டாது. 2012 இல் ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிறுவனத்தின் விரேந்தர் சங்வானும் சகாக்களும் வேறு வழியை எழுதி வெளியிட்டார்கள். சின்னத் துண்டொன்றைப் பல துணுக்குகளாக நறுக்கி, பழுதான கண்ணில் விரித்த பனிக்குடச் சவ்வின் மேல் பசையால் ஒட்டுவது. ஆய்வுகூடம் தேவையில்லை, கண்ணே வளர்த்துக்கொள்ளும். ஒரே சத்திரசிகிச்சை.

இரண்டு கண்ணும் எரிஞ்சவைக்கு? அதுக்கு இன்னும் எளிய வழி இல்லை. ஜப்பானில் ஒசாகா பல்கலைக்கழகம் 2019 இல் வேறொருவரின் கலங்களை மறுநிரல்படுத்தி வளர்த்த படலத்தைப் பொருத்தத் தொடங்கியது. 2024 இல் வெளியான முடிவுகள் 4 பேருடையவை மட்டுமே.

இதனால கண்தானம் தேவையில்லாமல் போகேல்லை. கரை சரியான பிறகும் உள்ளே ஆழமான தழும்பு இருந்தால், தானம் கிடைத்த படலம் வேண்டும். ஆனால் முதலில் கரை பிழைக்க வேணும். அது முதல் நிமிடங்களில் எங்கட கையிலதான். வெற்றிலைத் தட்டத்துச் சுண்ணாம்பு ஒரு பிள்ளையின்ர கண்ணில பட்டா, ஆஸ்பத்திரிக்கு ஓட முதல் சுத்தமான தண்ணியால் 15 நிமிடமாவது விடாமல் கழுவுங்கோ.