சூட்டுக்கோலிலிருந்து சோப்புக்கட்டிக்கு: நாய்க்கடி முதலுதவியின் வரலாறு

வெறிநாய் கடித்த உடனேயே ரேபிஸ் கிருமி மூளைக்கு ஓடிவிடுவதில்லை. எச்சிலோடு தசைக்குள் இறங்கிய வைரஸ் பெரும்பாலும் சில மணி நேரமோ சில நாளோ கடிவாயிலேயே தங்குகிறது. அதன்பின் நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. மூளையை எட்டி நோய் வெளிப்பட்டுவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. கடிக்கும் நரம்புக்கும் நடுவில் கிடைக்கும் இந்தச் சிறு அவகாசத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் நாய்க்கடி முதலுதவியின் மொத்த வரலாறும். வைரஸ் என்ற சொல்லே இல்லாத காலத்திலும், கடிவாயை உடனே கவனிக்க வேண்டும் என்பது மனிதருக்குத் தெரிந்திருந்தது. எதைக்கொண்டு கவனிப்பது என்பதில்தான் இரண்டாயிரம் ஆண்டு தடுமாற்றம்.

பண்டைய ஆயுர்வேத நூலான சுசுருத சம்ஹிதையின் கல்பஸ்தானம் நஞ்சுகளைப் பற்றியது. வெறிபிடித்த நாயின் அடையாளங்கள் அதில் துல்லியமாக வருகின்றன: வால் தொங்கும், தாடை தளரும், எச்சில் ஒழுகும், கண்ணும் காதும் மந்தமாகி விலங்கு தறிகெட்டு ஓடும். கடிபட்டவன் தண்ணீரைக் கண்டு அஞ்சத் தொடங்கினால் அவன் பிழைக்கமாட்டான் என்றும் அந்நூல் கைவிரிக்கிறது. அதற்குமுன் செய்ய வேண்டியது, கடிவாயை அழுத்தி ரத்தத்தை வெளியேற்றி, காய்ச்சிய நெய்யால் சுடுவது. உள்ளுக்கு ஊமத்தை சேர்ந்த மருந்தும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டு ரோமில் எழுதிய செல்சஸும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்: குப்பி வைத்து உறிஞ்சு, பிறகு சுடு. நீரச்சம் வந்துவிட்டவரை அவர் எதிர்பாராத நேரத்தில் குளத்தில் தள்ளிவிட வேண்டும் என்பது செல்சஸ் சொன்ன கடைசி வைத்தியம். அதில் யாரும் பிழைத்திருக்க வாய்ப்பில்லை.

ஐரோப்பாவில் சூடு போடும் வேலை மெல்ல மருத்துவரிடமிருந்து பாதிரியாருக்கும் கொல்லருக்கும் போனது. பெல்ஜியத்தின் ஆர்டென் காட்டுப் பகுதியில் வேட்டைக்காரர்களின் காவல் புனிதர் ஹூபர்ட். அவர் பெயரால் ‘ஹூபர்ட் சாவி’ என்று ஓர் இரும்பு ஆணி தேவாலயங்களில் இருந்தது. அதைப் பழுக்கக் காய்ச்சிக் கடிவாயில் வைப்பார்கள். வெறி வராமல் தடுக்கவென்று, கடிபடாத நாய்களுக்கும் அதே சூடு விழும். நாய்க்கு இன்னொரு கொடுமையும் இருந்தது. அதன் நாக்கின் அடியில் நீளமாக ஓடும் நாரைப் புழு என்று நினைத்தார்கள். குட்டியாக இருக்கும்போதே அதை அறுத்தெடுத்துவிட்டால் வெறி பிடிக்காது என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதிவைத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நடைமுறையில் இருந்தது. அந்த நாருக்கு உடற்கூற்றியலில் இன்றைக்கும் ‘லிஸ்ஸா’ என்றுதான் பெயர். கிரேக்க மொழியில் வெறி என்று பொருள்.

சூடு முழுக்க மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. கடிவாயில் கிருமி இருக்கும்போதே தசையை எரித்தால் கிருமியும் எரியும்; கணக்கு சரிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் லண்டனில் நாய்களுக்கு வைத்தியம் பார்த்த வில்லியம் யூவாட், இரும்புக்குப் பதில் வெள்ளி நைட்ரேட் குச்சியைப் பயன்படுத்தினார். தொழிலில் தானே பலமுறை கடிபட்டு, ஒவ்வொரு முறையும் அந்தக் குச்சியாலேயே காயத்தைச் சுட்டுக்கொண்டவர். நானூறு பேருக்குமேல் இப்படிச் செய்து காப்பாற்றியதாக அவர் எழுதினார். இந்த எண்ணிக்கையை அப்படியே நம்பத் தேவையில்லை. வெறிநாய் கடித்த எல்லாருக்கும் நோய் வருவதில்லை. கடியின் இடம், ஆழம், துணியின் தடிப்பு என்று பல காரணங்களால் பலர் சிகிச்சையே இல்லாமலும் தப்பிவிடுவார்கள்.

தமிழ்நாட்டுக் கைவைத்தியம் இத்தனை காலம் நிலைத்ததற்கும் இதுவே காரணம். நாய் கடித்தால் சுண்ணாம்பு தடவுவது, மஞ்சளை அப்புவது, மிளகாய்ப்பொடி வைத்துக் கட்டுவது, காப்பித்தூளைத் திணிப்பது, மந்திரித்துப் பத்தியம் இருப்பது என்று ஊருக்கு ஒரு முறை உண்டு. தெருவில் கடிக்கும் நாய்களில் பெரும்பாலானவை வெறிநாய்களே அல்ல. நோய் வருவதானாலும் பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதம் ஆகும். மந்திரித்துக்கொண்டவர் மாதக்கணக்கில் நலமாக நடமாடுவதை ஊர் முழுக்கப் பார்க்கும். பெருமை மந்திரித்தவருக்குப் போய்விடும். மிளகாயும் சுண்ணாம்பும் புண்ணை எரிச்சலாக்கும், அவ்வளவுதான். அதைவிடப் பெரிய நட்டம், அப்பியதைக் கலைக்கக் கூடாது என்று காயத்தைக் கழுவாமலே விடுவது.

1831-இல் பிரான்சின் அர்புவா பகுதியில் வெறிபிடித்த ஓநாய் ஒன்று பலரைக் கடித்தது. கொல்லுப்பட்டறையில் அவர்களுக்குச் சூடு போட்டபோது எழுந்த அலறலைக் கேட்ட சிறுவர்களில், பின்னாளில் ரேபிஸ் தடுப்பூசியை உருவாக்கிய லூயி பாஸ்டரும் ஒருவர். 54 ஆண்டு கழித்து, 1885 ஜூலை 6 அன்று, ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அவர் தடுப்பூசி போட ஏற்பாடு செய்தார். அந்தச் சிறுவனின் காயங்களையும் ஊர் மருத்துவர் முதலில் கார்பாலிக் அமிலத்தால் சுட்டிருந்தார். ஆனால் கடித்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. முதலுதவி என்று சொல்ல முடியாத நேரம் அது.

இந்தியாவில் 1900-இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில், அந்தத் தடுப்பூசி போடும் முதல் பாஸ்டர் நிலையம் தொடங்கியது. தென்னிந்தியாவில் கடிபட்டவர் அங்கே போய்ச்சேர நாள்கணக்கில் ரயிலில் பயணம் செய்ய வேண்டும். 1902-இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் ரேபிஸால் இறந்தபின், தெற்கிலும் ஒரு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. அமெரிக்கச் செல்வந்தர் ஹென்றி பிப்ஸ் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்திருந்த நன்கொடையின் ஒரு பகுதி இதற்கு ஒதுக்கப்பட்டது. 1907 ஏப்ரலில் குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிலையம் திறக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் 1899-லேயே வந்துவிட்டது. உல்லாசப் பயணிகளோடு நாய்க்கடிக்காரர்களும் அதில் ஏறினார்கள்.

கசௌலியில் டேவிட் செம்பிள் 1911-இல் ஆட்டு மூளையில் வளர்த்து, பினால் சேர்த்துக் கிருமியைக் கொன்ற ஊசிமருந்தைக் கொண்டுவந்தார். அதைப் புட்டியில் அடைத்து மாவட்ட மருத்துவமனைகளுக்கே அனுப்ப முடிந்ததால் நெடும்பயணம் தேவையற்றுப்போனது. ஆனால் வயிற்றில் நாளுக்கு ஒன்றாகப் பதினான்கு ஊசி. மூளைத்திசு கலந்த மருந்து என்பதால் சிலருக்குப் பக்கவாதம் போன்ற பக்கவிளைவும் வந்தது. ‘தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி’ என்ற பயம் மூன்று தலைமுறைக்கு நிலைத்தது. இந்தியாவில் அந்த மருந்தின் உற்பத்தி 2004-இன் இறுதியில் நிறுத்தப்பட்டது. இன்று கையில், தோலுக்குள், கடித்த நாள், 3, 7, 28 ஆகிய நான்கு நாள்களில் சிறு ஊசிகள். அரசு மருத்துவமனையில் இலவசம். பயம் மட்டும் இன்னும் பழைய ஊசிக்கே உரியது.

தடுப்பூசியின் புகழில் கடிவாய் மறக்கப்பட்டிருக்கும். அதை மீட்டது 1943-இல் அமெரிக்காவில் நடந்த எளிய பரிசோதனை. ஷானெஸி, ஸிக்கிஸ் என்ற இருவர் கினிப்பன்றிகளின் காயத்தில் ரேபிஸ் கிருமியைத் தடவி, சிலவற்றுக்குப் புகையும் நைட்ரிக் அமிலத்தையும் சிலவற்றுக்குச் சோப்புக் கரைசலையும் இட்டுப் பார்த்தார்கள். இத்தனை நூற்றாண்டு நெருப்பும் அமிலமும் செய்த வேலையைச் சோப்பும் செய்தது. ரேபிஸ் வைரஸின் வெளியுறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ப் பிசுக்கைக் கரைக்கும் சோப்பு அந்த உறையையும் கரைத்துவிடும். உறை போனால் கிருமி செயலற்றுவிடும். ஓடும் தண்ணீர் மிச்சத்தை அடித்துச் செல்லும். அமிலத்துக்கு மருத்துவர் வேண்டும், சூட்டுக்குக் கொல்லர் வேண்டும், சோப்புக்கு யாரும் வேண்டாம். நாய்க்கடி முதலுதவி உண்மையில் வீட்டுக்காரர் கைக்கு வந்தது அன்றுதான்.

நாயின் பக்கம் வரலாறு வேறு வழியில் நடந்தது. இங்கிலாந்து 1890-களின் இறுதியில் நாய்களுக்கு வாய்க்கூடு கட்டாயம் என்று ஆணையிட்டது. செல்லப்பிராணிகளை வதைப்பதாக நாய்ப் பிரியர்கள் பெரும் எதிர்ப்புக் கிளப்பினார்கள். வாய்க்கூடும், வெளிநாட்டு நாய்களைத் தனிமைப்படுத்தும் விதியும் சேர்ந்து 1902-க்குள் அந்நாட்டில் நோயை ஒழித்தன. நாய்க்கே தடுப்பூசி போட்டுக் காக்கலாம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் உமேனோவும் டோயியும் காட்டியது 1921-இல். ஆண்டுதோறும் வளர்ப்பு நாய்க்குப் போடும் ஊசியின் வழி அங்கே தொடங்குகிறது.

ஊசி போட்ட நாயும் காலையில் நடைக்குப் போகும்போது தெருநாயிடம் கடிபடலாம். நாய் வளர்ப்பவர் கற்றிருக்க வேண்டிய வேலை அந்த நிமிடத்தில்தான் வருகிறது. வலியில் துடிக்கும் நாய், சோறு போட்ட கையையும் கடிக்கும். அதனால் முதலில் வாய்க்கட்டு. துண்டையோ துப்பட்டாவையோ நீளமாக மடித்து நடுவில் ஒரு தளர்முடிச்சு வளையம் போட்டுக்கொள்ள வேண்டும். முகத்துக்கு நேரே குனியாமல் பக்கவாட்டிலிருந்து வளையத்தை மூக்குத்தண்டில் மாட்டி இறுக்கி, இரு முனைகளையும் தாடைக்கு அடியில் ஒருமுறை குறுக்காக விட்டு, காதுகளுக்குப் பின்னால் சுருக்கு முடிச்சாகக் கட்ட வேண்டும். இழுத்தால் உடனே அவிழ வேண்டும். வாந்தி எடுக்கும் நாய்க்கும், மூச்சுத் திணறும் நாய்க்கும், பக் போன்ற சப்பைமூக்கு நாய்க்கும் இந்தக் கட்டுக் கூடாது. கடித்த நாயின் எச்சில் ரோமத்தில் ஒட்டியிருக்கும் என்பதால் கையுறை, இல்லையென்றால் பாலித்தீன் பை, மாட்டிக்கொண்டு காயத்தைச் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். முன்பே ஊசி போட்டிருந்தாலும் கடிக்குப்பின் மறுபடி ஊசி தேவை.

சண்டையை விலக்கப்போய் மனிதருக்கும் பல் பதிந்துவிட்டால் முறை மாறுவதில்லை. குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீளமானது. பலர் இரண்டு நிமிடத்தில் ரத்தம் நின்றதும் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அதன்பின் அயோடின் கரைசல் போன்ற கிருமிநாசினி, பிறகு மருத்துவமனை. தையல் போடுவதைக் கூடியவரை தவிர்ப்பார்கள். பல் தோலைத் துளைத்திருந்தால் தடுப்பூசியோடு, இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்புப் புரதத்தையும் கடிவாயிலேயே செலுத்துவார்கள். கடித்தது வீட்டில் வளரும் குட்டிதானே, பூனைதானே, கீறல்தானே என்று விடுவதும் ஆபத்து. குட்டிக்கும் பூனைக்கும் ரேபிஸ் வரும். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வது உண்டு. அந்தப் பத்து நாளுக்காக முதல் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

கழுவுவதற்கு மருந்துச் சோப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. டீக்கடைக் குழாயடியில் கிடக்கும் பாத்திரம் தேய்க்கும் சோப்புக்கும் ரேபிஸ் கிருமி கரையும்.